வாசகர் கேள்வி – பதில்: பல்கலைக்கழக நிகழ்ச்சிகளும் தோட்டத்து மக்களும்

தஞ்சோங் மாலிம் வட்டாரத்திலிருந்து அண்மையில் வந்த கடிதங்களுள் பல, அங்குள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தில் நடைபெறும் கண்காட்சிகளையும் சொற்பொழிவுகளையும் கலைநிகழ்ச்சிகளையும் பற்றியவை. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தோட்டத்தை விட்டு வெளியேறி இப்போது பேராங்கில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். என் மகள் நான்காம் படிவத்தில் படிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் ஓவியக் கண்காட்சி நடப்பதாகத் தோழி ஒருத்தி அனுப்பிய அறிவிப்பைக் காட்டி, போகலாமா என்று கேட்கிறாள். நானும் என் கணவரும் ஆறாம் ஆண்டுக்கு மேல் படித்ததில்லை. எங்களைப் போன்றவர்கள் உள்ளே போனால் காவலர் தடுக்க மாட்டாரா?
– வாசகி, பேராங்

பதில்: தாராளமாகப் போகலாம், சகோதரி. அது அரசாங்கப் பல்கலைக்கழகம்; நீங்களும் நானும் கட்டும் வரிப்பணத்தில் நடப்பது. காவலருக்குத் தெரிய வேண்டியது நீங்கள் யார், எந்த நிகழ்ச்சிக்குப் போகிறீர்கள் என்பதுதான். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் இருக்கும் அறிவிப்பைக் காட்டினால் போதும். எத்தனையாம் ஆண்டுவரை படித்தீர்கள் என்று எவரும் கேட்கப் போவதில்லை.

ஆனாலும் வளாகத்தில் நடக்கும் எல்லாமே பொதுமக்களுக்கு உரியவை அல்ல. தேர்வுகள், ஆய்வேட்டு நேர்காணல்கள், புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரம் ஆகியவற்றுக்கு வெளியார் போக இயலாது. இறுதியாண்டு மாணவர்களின் ஓவியக் கண்காட்சி, இசை நடன நிகழ்ச்சி, புத்தக வெளியீடு, பொதுச் சொற்பொழிவு ஆகியன பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை. புதிதாகப் பேராசிரியர் ஆனவர் தம் துறையைப் பற்றி ஆற்றும் ‘சியாராஹான் பெர்டானா’ என்ற உரையும் அப்படிப்பட்டதுதான். பட்டமளிப்பு விழாவையொட்டி வளாகத்தில் போடப்படும் கடைகளுக்கு ஊரே திரண்டு போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மற்ற நிகழ்ச்சிகளுக்கும் அதே துணிவோடு போகலாம் என்பதே என் எண்ணம்.

அறிவிப்பில் இரண்டு செய்திகளைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, முன்பதிவு வேண்டுமா என்பது. மற்றொன்று, எந்த வளாகம் என்பது. பட்டணத்துக்குள் இருப்பது சுல்தான் அப்துல் ஜாலில் ஷா வளாகம். புரோட்டோன் சிட்டியில் இருப்பது சுல்தான் அஸ்லான் ஷா வளாகம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றுக்குப் போய்விட்டால், அங்கிருந்து நடந்து வந்து சேர்ந்துவிட முடியாது. உடையைப் பொறுத்தவரை அரசாங்க அலுவலகத்துக்குப் போவதைப்போல் போனால் சரியாக இருக்கும். சேலையோ பஞ்சாபி உடையோ பொருத்தமே. அரைக்கால் சட்டையும் ஜப்பான் சிலிப்பரும் வேண்டாம்.

மகளை அழைத்துக்கொண்டு முதன்முதலில் போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் பழைய வளாகத்திலுள்ள சுலோ புடிமான் கட்டடம். தேசியக் கல்வி அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. மலாக்காவிலும் மாத்தாங்கிலும் இருந்த மலாய் ஆசிரியர் கல்லூரிகளுக்கு மாற்றாக, 1922ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இங்கே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1924இல் மலாய் நூல்களை மொழிபெயர்த்து வெளியிடும் அலுவலகமும் இங்கே வந்துசேர, ஸாபா என்று அழைக்கப்பட்ட மலாய் மொழியறிஞர் ஸைனால் அபிடின் அகமது அதில் பணியாற்றினார். நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் எழுந்த இடம் இது. பல்கலைக்கழகத் தகுதி 1997இல்தான் கிடைத்தது.

இந்த ஆண்டுகளை மகளுக்குச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லூரி திறந்த மறு ஆண்டான 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தது. அப்பள்ளிகள் பலவற்றில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமல், கிராணியோ (தோட்ட எழுத்தர்) கங்காணியோ (தொழிலாளர் மேற்பார்வையாளர்) எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரே காலத்தில் இரண்டு சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கல்வி எப்படி வாய்த்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், அங்குள்ள பழைய மேசை நாற்காலியும்கூட அவளுக்கு அதிகம் சொல்லும். பல்கலைக்கழக அருங்காட்சியகங்கள் அலுவலக நேரத்தையொட்டியே திறந்திருப்பது வழக்கமாகையால், கிளம்புமுன் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொற்பொழிவுகள் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் நடக்கின்றன. பாதிதான் புரிகிறது. போய் என்ன பயன்?
– வாசகர், காலும்பாங்

பதில்: பாதி புரிவதே நல்ல தொடக்கம். பேச்சாளர் திரையில் காட்டும் படங்களையும் ஆண்டுகளையும் குறித்துக்கொண்டு வந்து, தமிழில் அதைப் பற்றித் தேடிப் படியுங்கள். அடுத்த உரையில் முக்கால் பங்கு புரியும். தமிழிலேயே கேட்க விரும்பினால் அதற்கும் வழியுண்டு. இப்பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வியில் பட்டப்படிப்பு இருப்பதால், தமிழ் மாணவர்கள் நடத்தும் நாடகம், பேச்சு, கவியரங்கம் முதலியவற்றைக் காணும் வாய்ப்பு உங்கள் ஊருக்கு வேறு பல ஊர்களைவிட அதிகம். உள்ளூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுள் பலர் அங்கே படித்தவர்களாக இருப்பார்கள். எப்போது எது நடக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: என் தகப்பனாரை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். கூடம் முழுவதும் ஒரே இருட்டு. அவருக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்கவா இப்படிச் செய்கிறார்கள்?
– வாசகர், தஞ்சோங் மாலிம்

பதில்: மின்சாரத்துக்காக அன்று. பழைய தாள், சாயமிட்ட துணி, நிழற்படம், ஓலை ஆகியவற்றை வெளிச்சம் அரித்துவிடும். சாயம் வெளுக்கும்; தாள் பழுப்பேறி நொறுங்கும். ஒருமுறை வெளுத்த சாயத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் கிடையாது; சிறிது சிறிதாகப் பட்ட வெளிச்சமெல்லாம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே இத்தகைய பொருள்களின்மீது 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியின் அளவு) மேல் ஒளி படாமல் பார்த்துக்கொள்வது உலகெங்கும் அருங்காட்சியகங்களின் நடைமுறை. நாம் வேலை செய்யும் அலுவலகங்களில் 300 முதல் 500 லக்ஸ்வரை ஒளி இருக்கும் என்பதை எண்ணினால், உள்ளே நுழைந்ததும் ஏன் கண் இருட்டுகிறது என்பது விளங்கும். இரும்புக்கும் மண்பாண்டத்துக்கும் பீங்கானுக்கும் இந்தக் கெடுபிடி இல்லை. அவை வைத்திருக்கும் கூடம் வெளிச்சமாகவே இருக்கும்.

உங்கள் தகப்பனாரின் இடர்ப்பாடும் உண்மையானதே. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கி, கண்ணின் வில்லையும் மங்குவதால், அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே முதல் கூடத்திலேயே அவரைச் சிறிது நேரம் உட்கார வைத்து, கண் பழகிய பின் அழைத்துச் செல்லுங்கள். படமெடுக்க அனுமதி இருந்தால், பளிச்சென்று மின்னும் விளக்கை அணைத்துவிட்டுக் குறிப்பட்டையைப் படமெடுத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டுங்கள். பொருளுக்கு வெளிச்சம் ஆகாது என்பதற்காக, முதியவர்கள் படிக்க முடியாதபடி பொடி எழுத்தில் குறிப்பு எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். குறிப்புகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டு வாசலில் வைப்பது எளிய வேலை. வருகையாளர் பதிவேட்டில் இதை எழுதிவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் தந்தையார் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்து காலமானவர். பெரட்டில் (காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி ஆள் கணக்கெடுக்கும்போது) பெயர் குறித்த அவருடைய நோட்டுப் புத்தகம், பால் மங்கு, பால்மரம் சீவும் கத்தி, சில நிழற்படங்கள், என் பாட்டனாரின் பழைய பயணப் பத்திரங்கள் ஆகியன வீட்டில் இருக்கின்றன. வரலாறு படிக்கும் ஒரு மாணவர் அவற்றைக் கண்காட்சிக்கு இரவல் கேட்கிறார். கொடுக்கலாம் என்பது என் விருப்பம். போனால் திரும்பி வராது என்று அண்ணன் தடுக்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, சிலிம் ரீவர்

பதில்: இருவர் சொல்வதும் சரி. கொடுக்கத்தான் வேண்டும், வெறும் வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்துவிடக் கூடாது.

முதலில், எவற்றைக் கொடுக்கவே கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறப்புப் பத்திரம், பழைய கடப்பிதழ், சிவப்பு அடையாள அட்டை, கப்பலில் வந்ததற்கான பத்திரம் போன்றவற்றின் மூலப்படி உங்கள் பெட்டியைவிட்டு வெளியே போகவேண்டாம். குடும்பத்தில் யாருக்கேனும் குடியுரிமை விண்ணப்பத்தில் சிக்கல் இருந்தால், இந்நாட்டில் எத்தனை தலைமுறையாக இருக்கிறோம் என்பதைக் காட்ட அவை தேவைப்படக்கூடும். மாணவரையே வீட்டுக்கு வந்து நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்காட்சிக்கு நல்ல நகலே போதும். ஒளிபட்டுக் கெடும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்களே நகலை வைப்பதுண்டு.

மற்றப் பொருள்களை இரவலாகக் கொடுக்கிறீர்களா, அன்பளிப்பாகவா என்பதை எழுத்தில் தெளிவாக்குங்கள். என்ன பொருள், எங்கே கீறல் அல்லது கிழிசல் இருக்கிறது, எந்த நாளில் திரும்ப வரும், சேதமானால் யார் பொறுப்பு, படமெடுத்து நூலில் வெளியிடலாமா ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, மாணவரின் கையொப்பத்தோடு அவருடைய விரிவுரையாளரின் கையொப்பத்தையும் துறையின் முத்திரையையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாணவர் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுவார். துறை அங்கேயே இருக்கும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் நீங்களும் படமெடுத்து வைத்துக்கொண்டால் அண்ணனும் ஒப்புக்கொள்வார்.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, பொருளுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கப்படும் குறிப்பு. ரப்பரைப் பற்றிய கண்காட்சிகளில், 1876இல் பிரேசிலிலிருந்து விதைகளைக் கொண்டுபோன விக்ஹமின் பெயர் இருக்கும். மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைப் பரப்பிய ரிட்லியின் பெயர் இருக்கும். துரையின் படம் இருந்தால் அதற்கடியில் அவருடைய பெயரும் பதவியும் இருக்கும். பெரட்டுக்கு வரிசையாக நிற்கும் ஐம்பது பேரின் படத்துக்கு அடியில் மட்டும் ‘தோட்டத் தொழிலாளர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு குறிப்பு முடிந்துவிடும். பெயர் தெரியாததால் எழுதவில்லை என்பார்கள். அந்தப் பெயர்கள் எங்கே இருக்கின்றன? உங்கள் தந்தையார் நாள்தோறும் குறித்துவைத்த அந்த நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. மங்கும் கத்தியும் வேறு நூறு வீடுகளில் கிடைக்கும். அந்தப் புத்தகம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. ஆகவே அதை நகலெடுக்க வரும் மாணவரோடு உட்கார்ந்து, யார் எந்தக் குடும்பம், இன்று அவர்களுடைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவரை சொல்லுங்கள். நிழற்படத்தில் நிற்பவர்களை வரிசைப்படி பெயர் சொல்லி எழுத வையுங்கள். உங்களுக்குத் தெரியாத முகங்களை அந்தத் தோட்டத்து முதியவர்களிடம் காட்டுங்கள். இதைத் தள்ளிப் போடலாகாது. அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

வீட்டில் பாதுகாப்பது பற்றியும் ஓரிரு சொற்கள். பழைய பத்திரங்களுக்கு லாமினேட் செய்யாதீர்கள். நம்மவர்களிடையே இந்தப் பழக்கம் மிகுதி. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. நிழற்படத்தின் பின்புறத்தில் பெயர் எழுதப் பேனா வேண்டாம். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பசைபடிந்த பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாளை மூடும் பழைய ஆல்பங்களில் ஒட்டியிருக்கும் படங்களை, எளிதாக வந்தால் மட்டும் எடுத்து உறையில் வையுங்கள். வராவிட்டால் இழுக்காமல் அப்படியே படமெடுத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தைச் சமையலறைப் பக்கமும் ஈரச் சுவரோரமும் வைக்கவேண்டாம்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பேரங்காடியைத் தவிர்த்துப் பயனுள்ளதாக எங்கே போகலாம்?
– வாசகர், உலு பெர்ணம்

பதில்: தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம்வரை போகும் கொமுட்டர் ரயில் உங்களுக்கு வாய்த்த வசதி. கேஎல் சென்ட்ரலில் இறங்கினால், 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம். சற்றுப் பெரிய பிள்ளைகளாக இருந்தால், அங்கிருந்து எல்ஆர்டி ரயில் ஏறி ‘யுனிவர்சிட்டி’ நிலையத்தில் இறங்கி, மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லுங்கள். அங்குள்ள ஆசியக் கலை அருங்காட்சியகமும் ‘ரிம்பா இல்மு’ என்னும் தாவரத் தோட்டமும் 1974இல் தொடங்கப்பட்டவை. ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் மூக்கு வைத்த கெண்டிகளின் பெருந்தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயன்றால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள்; ஓர் இடமே போதும்.

தமிழர்களாகிய நமக்கு அந்த வளாகத்தில் தனிப்பட்ட உரிமை ஒன்றுண்டு. முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கோலாலம்பூரில் கூடியபோது, அதை முன்னின்று நடத்தியவர் அங்கே இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளார். அத்துறைக்குத் தமிழ் நூலகம் அமைய வேண்டும் என்பதற்காக, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதிக்குத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அழைப்பு விடுக்க, சாதாரணத் தொழிலாளர்களும் காசு கொடுத்தார்கள். பிள்ளைகளிடம் வளாகத்தைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. பால்மரம் வெட்டியே எங்களை வளர்த்தவர். தோட்ட வாழ்க்கை பற்றிய ஒரு கண்காட்சியில் பெரிய படம் ஒன்றைப் பார்த்தவுடன், “இது தப்பு, இப்படி யாரும் வெட்ட மாட்டாங்க” என்றார். ஏற்பாட்டாளரான மாணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். படித்தவர்களிடம் எப்படிச் சொல்வது என்று பேசாமல் வந்துவிட்டோம். சொல்லியிருக்க வேண்டுமா?
– வாசகி, துரோலாக்

பதில்: கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். அம்மா சொன்னதே சரி என்று நினைக்கிறேன்.

மரத்துக்கு எதிரே நின்று பார்த்தால், பாலுக்காகப் பட்டையில் போடும் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கவேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல், மேலே போகப் போக வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் அவற்றுள் அதிகமானவை அறுபட்டுப் பால் நிறைய வரும். நூல்களில் இதற்குப் படமும் விளக்கமும் உண்டு. அம்மாவுக்கு அது கையிலேயே இருக்கிறது. அதனால்தான் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். கண்காட்சிப் படத்தில் வெட்டு வலமிருந்து இடமாக இறங்குகிறது. அந்தக் காலத்தில் மீன்முள்போல நடுக்கோட்டின் இருபுறமும் வெட்டியதுண்டு. இது அப்படியும் இல்லை, ஒரே வெட்டு. ஆகவே யாரும் தவறாக வெட்டியிருக்க வேண்டியதில்லை. படச்சுருளைப் புரட்டிப் போட்டு அச்சிட்டிருப்பார்கள் என்பதே என் ஊகம். அதே படத்தில் நிற்கும் பெண்ணின் சேலைத் தலைப்பு வலத்தோளில் கிடக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் சட்டைப் பொத்தான்களும் இடம் மாறியிருக்கின்றன. மூன்றும் ஒருங்கே மாறியிருந்தால் வேறு காரணம் இருக்க வாய்ப்பில்லை.

படத்தைத் திருப்பி அச்சிட்டால் தீர்ந்துவிடும் பிழை இது. அந்த மாணவர் நன்றியோடுதான் ஏற்றுக்கொள்வார். பேராசிரியரின் கண்ணில் பட்டு மதிப்பெண் குறைவதைவிட இது அவருக்கு நல்லது. கண்காட்சி இன்னும் முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவை மறுபடியும் அழைத்துப் போங்கள். “தம்பி, இந்தப் படத்தில் வெட்டு மாறியிருக்கிறது, அம்மா காட்டுகிறார், பாருங்கள்” என்று தொடங்கினால் போதும். மற்றதை அம்மாவே சொல்லிவிடுவார். கத்தியை எப்படிப் பிடிப்பது, பட்டையை எவ்வளவு மெல்லிதாகச் சீவுவது, வெயில் ஏறுமுன் ஏன் வெட்டி முடிக்கவேண்டும் என்பதையெல்லாம் மாணவர் கேட்பார். கைத்தொலைபேசியில் அம்மாவின் குரலைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். திருத்திய படத்தின் கீழ் எழுதும் குறிப்பில், திருத்தம் சொன்னவர் என்று அம்மாவின் பெயரையும் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் சேர்க்கும்படி கேளுங்கள்.